விசாரணை நாளன்று ஃபெடரல் கோர்ட்டுக்குத் தாவிய காலி வழக்கு

கேள்வி. பிப்ரவரி 11, 2025

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் எனக்கு ஒரு காண்டோ இருக்கிறது. வாடகை 2,600 டாலர். குடியிருப்பவர் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் கொடுக்கவில்லை. மூன்று நாள் நோட்டீஸ் ஒட்டி, டிசம்பர் 16 அன்று வீட்டைக் காலி செய்ய வைக்கும் வழக்குப் போட்டேன். அந்த வாரமே சம்மன் அவர் கைக்குப் போய்விட்டது. நேற்று விசாரணை. கோர்ட் வாசலில் என் கையில் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்: 'நோட்டீஸ் ஆஃப் ரிமூவல்', அதாவது வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு நகர்த்தும் அறிவிப்பு. ஜட்ஜ் அதைப் பார்த்துவிட்டு, "இப்போது இந்த வழக்கு என்னிடம் இல்லை" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு வக்கீல் இல்லை. நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஆபீஸில் ஒருவர், "ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய்விட்டதா, இரண்டு வருஷம் மறந்துவிடு" என்கிறார். உண்மையா?

பிப்ரவரி 11, இரவு

உண்மையில்லை. பெரும்பாலும் வாரக்கணக்கில் திரும்பி வரும், வருஷக்கணக்கில் இல்லை. நான் வக்கீல் இல்லை. வீட்டுக்காரர்கள் பக்கம் வழக்கு நடத்தும் சின்ன வக்கீல் அலுவலகம் ஒன்றில் ரொம்ப காலம் பாராலீகலாக, அதாவது வக்கீலின் உதவியாளராக இருந்தேன். இப்போது வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வ வேலை செய்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு காரியம். ஒன்று, ஃபெடரல் வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, அந்த நோட்டீஸின் முத்திரை போட்ட நகல் ஸ்டேட் கோர்ட் கிளார்க்கிடம் தாக்கல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபெடரல் சட்டத்தில் 1446-ஆவது பிரிவு, அந்த நகல் ஸ்டேட் கோர்ட்டில் சேர்ந்த பிறகுதான் ஸ்டேட் கோர்ட் கை கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறது. ஃபெடரல் கோர்ட்டில் மட்டும் போட்டுவிட்டு இங்கே கொடுக்காமல் விட்டவர்களும் உண்டு. உங்கள் ஜட்ஜ் பட்டியலிலிருந்து எடுத்ததைப் பார்த்தால் சேர்ந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

நோட்டீஸில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 12

வீட்டுக்காரர் அனுப்பிய சுருக்கத்தைப் படித்தேன். காரணம் இரண்டு. ஒன்று, 2009-இல் வந்த சட்டம்: வங்கி வீட்டை ஜப்தி செய்து விற்றால் அதில் ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவருக்கு 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது. இன்னொன்று, இரண்டு தரப்பும் வேறு வேறு நாட்டுக் குடிமக்கள் என்பது.

முதல் காரணத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். இந்த வீட்டை எந்த வங்கியும் ஜப்தி செய்யவில்லை. இவரே வாங்கி, இவரே வாடகைக்கு விட்டது. நோட்டீஸின் நான்காம் பக்கத்தில் 'வாதியான வங்கி' என்று இருக்கிறதாம். யாரோ 2010 வாக்கில் தயாரித்த ஃபாரம், பெயரை மட்டும் மாற்றி இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஜப்தி நடந்திருந்தாலும் அந்தச் சட்டம் இங்கே உதவாது. ஒரு வழக்கு ஃபெடரல் வழக்கா என்று பார்ப்பது, வாதி தன் மனுவில் எதைக் கேட்கிறார் என்பதை வைத்து. எதிர்த்தரப்பு என்ன பதில் சொல்லும் என்பதை வைத்து இல்லை. "வாடகை தரவில்லை, வீட்டைக் கொடு" என்பது முழுக்க கலிஃபோர்னியா சட்டத்துக் கேள்வி. அதற்குப் பதிலாக ஆயிரம் ஃபெடரல் சட்டத்தைக் காட்டலாம், எதிர்வழக்கே போடலாம். வழக்கு இடம் மாறாது. எதிர்வழக்கைக் காட்டியும் நகர்த்த முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கிரெடிட் கார்டு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பிப்ரவரி 12, கொஞ்சம் கழித்து

"இது என்ன அநியாய விதி, ஃபெடரல் சட்டம் ஃபெடரல் கோர்ட்டில்தானே பேச வேண்டும்" என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு பழைய ரயில் கதை இருக்கிறது.

1871-இல் கென்டக்கியில் மாட்லி என்ற கணவன் மனைவி போன ரயில் இன்னொன்றோடு மோதி இருவருக்கும் காயம். லூயிவில் அண்டு நாஷ்வில் ரயில் கம்பெனி சமாதானமாகப் போகச் சொல்லி, ஆயுள் முழுக்க இலவச பாஸ் கொடுத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஓசியில் பயணம் செய்தார்கள். 1906-இல் அமெரிக்க காங்கிரஸ் இலவச பாஸைத் தடை செய்தது. கம்பெனி அடுத்த வருஷமே பாஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. இவர்கள் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார்கள்: "அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது, பொருந்தினால் அரசியலமைப்புக்கு விரோதம்."

1908-இல் உச்ச நீதிமன்றம், இரண்டு தரப்பும் கேட்காமலேயே, "இந்த வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்திருக்கவே கூடாது" என்று தள்ளிவிட்டது. உங்கள் மனு ஒப்பந்தத்தை மீறியதைப் பற்றியது, காங்கிரஸ் சட்டம் என்பது கம்பெனி சொல்லப்போகும் பதில்தான், அதை நீங்களே முன்கூட்டி எழுதினால் வழக்கு ஃபெடரல் ஆகிவிடாது என்றது. அப்புறம் அவர்கள் கென்டக்கி கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார்கள். கம்பெனி மேல்முறையீட்டில் அதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1911-இல் மாட்லி தம்பதி தோற்றார்கள், பாஸ் போச்சு.

இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடுவது இரண்டாம் பாதியை. ஃபெடரல் சட்டத்தைப் பற்றிய வாதத்தை ஸ்டேட் கோர்ட் கேட்டது, முடிவும் சொன்னது, கடைசியில் அது வாஷிங்டன் வரைக்கும் போனது. ஸ்டேட் கோர்ட்டில் ஃபெடரல் சட்டம் பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பேசத்தான் வேண்டும்.

பிப்ரவரி 13

இரண்டாவது காரணம்தான் எனக்குச் சுவாரசியம், ஏனென்றால் அதில் பாதி சரி.

மாநிலம் விட்டு மாநிலம், அல்லது நாடு விட்டு நாடு, என்று தரப்புகள் வேறுபட்டால் ஃபெடரல் கோர்ட் வழக்கை எடுக்கலாம். கிரீன் கார்டு வாங்கி இதே மாநிலத்தில் குடியிருப்பவர் என்றால் அந்த வழி அடைபடும். இவருக்கு இன்னும் எச்-1பி தான். சட்டத்தின் கண்ணுக்கு இவர் இந்தியக் குடிமகன், வீட்டில் இருப்பவர் கலிஃபோர்னியாக்காரர். ஆக வேறுபாடு இருக்கிறது! ஃபாரம் விற்றவர் இதைத் தெரிந்து எழுதினாரா, பெயரைப் பார்த்து எழுதினாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் இன்னும் இரண்டு பூட்டு இருக்கிறது. வழக்கின் மதிப்பு 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். இவர் கேட்பது 7,800-உம் தினசரி நஷ்டமும். மனுவின் முதல் பக்கத்திலேயே 10,000-க்குள் என்று கட்டம் டிக் செய்திருக்கிறது. வீட்டின் விலை ஆறு லட்சம் என்று காட்டுவார்கள். அது எடுபடாது. காலி வழக்கில் கேட்பது கைவசம்தான், சொத்துரிமை இல்லை. இரண்டாவது பூட்டு: எதிர்த்தரப்பு வழக்கு நடக்கும் மாநிலத்துக்காரரே என்றால், இந்தக் காரணத்தை வைத்து அவர் நகர்த்தவே முடியாது. வெளியூர்க்காரனை உள்ளூர் ஜட்ஜ் ஓரவஞ்சனையாக நடத்துவாரோ என்ற பயத்துக்காக வந்த வழி அது. உள்ளூர்க்காரருக்கு அந்தப் பயம் எதற்கு?

பிப்ரவரி 13, இரவு

மேலே சொன்னதில் ஒரு நுணுக்கம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் இதில் காலக்கெடு இருக்கிறது.

குறை இரண்டு வகை. ஃபெடரல் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்பது முதல் வகை: 75,000 தாண்டவில்லை, ஃபெடரல் கேள்வி இல்லை. இதை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், ஜட்ஜ் தானாகவே பார்த்தும் திருப்பலாம், திருப்பியே ஆக வேண்டும். நடைமுறைக் குறை இரண்டாம் வகை: சம்மன் கைக்கு வந்த 30 நாளுக்குள் நகர்த்தாமல் தாமதித்தது, கூட இருக்கும் மற்ற எதிர்வாதிகள் சம்மதிக்காதது, உள்ளூர்க்காரர் விதி. கலிஃபோர்னியா அடங்கிய ஒன்பதாவது சர்க்யூட்டில் (ஃபெடரல் மேல்முறையீட்டு வட்டாரம்) உள்ளூர்க்காரர் விதியும் நடைமுறை வகைதான். இவற்றை நீங்கள் எழுப்ப வேண்டும், நோட்டீஸ் தாக்கல் ஆன 30 நாளுக்குள். விட்டால் விட்டதுதான்.

இவர் விஷயத்தில் சம்மன் டிசம்பரில் கிடைத்தது, நோட்டீஸ் பிப்ரவரி 10. தாமதம் அப்பட்டம். அதைச் சொல்ல மார்ச் 12 வரை நேரம். ஆனால் முதல் வகைக் குறையே பளிச்சென்று இருக்கும்போது இரண்டாம் வகை தேவைப்படாது. எழுதி வைப்பதில் நஷ்டமும் இல்லை.

பிப்ரவரி 14

வழக்கைத் திருப்பி அனுப்பக் கேட்கும் மோஷன் போட வக்கீல் ஒருவர் 2,500 டாலர் கேட்டாராம். போடலாமா என்று கேட்டார். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன்.

லாஸ் ஏஞ்சலிஸ் அடங்கிய சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் ஃபெடரல் கோர்ட்டில் மோஷன் போட்டால் விசாரணைத் தேதி குறைந்தது 28 நாள் தள்ளித்தான். அதற்கு முன்னால் எதிர்த்தரப்போடு பேச வேறு செய்ய வேண்டும். அந்தக் கோர்ட்டு ஜட்ஜுகள் காலி வழக்கு ரிமூவல்களை எத்தனையோ பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் யாரும் கேட்காமலேயே இரண்டு மூன்று பக்கத்தில் உத்தரவு போட்டுத் திருப்பிவிடுவார்கள். அதுவும் 405 டாலர் கட்டணம் கட்ட முடியாது என்று விலக்கு மனு சேர்த்திருந்தால் ஜட்ஜ் அந்த மனுவைப் படிக்கும்போதே நோட்டீஸையும் படித்துவிடுவார். விலக்கு மறுப்பு, ரிமாண்ட் (ஸ்டேட் கோர்ட்டுக்கே திருப்புவது), ஒரே உத்தரவில். கட்டணம் முழுதாகக் கட்டிய வழக்குகள்தான் கொஞ்சம் ஊறும்.

அப்படி ஊறினால், அவசரம் என்று காட்டி எக்ஸ் பார்ட்டே மனு போடலாம். நானே எத்தனையோ டைப் செய்திருக்கிறேன். மனு தாக்கல் ஆவதற்கும் ரிமாண்ட் வருவதற்கும் சம்பந்தமே இல்லாமல் உத்தரவு முந்திக்கொண்ட நாட்கள் உண்டு. கட்சிக்காரருக்கு பில் மட்டும் தப்பாமல் போகும்.

வீடு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்களே ஃபெடரல் கோர்ட்டிலும் பேசலாம். எல்எல்சி கம்பெனி பெயரில் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, வக்கீல் கட்டாயம்.

பிப்ரவரி 15

"எப்படியும் திரும்பி வரப்போகிறது, ஸ்டேட் ஜட்ஜ் விசாரணையை நடத்தித் தீர்ப்பை எழுதி வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று இன்னொருவர். கூடாது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் கத்தோலிக்க உயர்மறைமாவட்ட வழக்கில் இதைத்தான் சொன்னது. கத்தோலிக்கப் பள்ளி ஊழியர்களின் பென்ஷன் விவகாரம். வழக்கு ஃபெடரல் கோர்ட்டில் இருந்த சமயத்தில் உள்ளூர்க் கோர்ட் போட்ட உத்தரவுகள் செல்லாது. பின்தேதியிட்டு ரிமாண்ட் கொடுத்தும் அதைச் சரிசெய்ய முடியாது என்றது. எத்தனை ஓட்டையான நோட்டீஸ் என்றாலும், அது உயிரோடு இருக்கும்வரை ஸ்டேட் கோர்ட் கையை வைக்காது. அந்த இடைவெளியைத்தான் ஃபாரம்காரர்கள் விற்கிறார்கள்.

பிப்ரவரி 15, தொடர்ச்சி

ஃபாரம்காரர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் வக்கீல் இல்லாத ஒருவர் காசு வாங்கிக்கொண்டு காலி வழக்குக்கு ஃபாரம் தயாரித்தால் கவுண்டியில் பதிவு செய்ய வேண்டும், 25,000 டாலருக்கு பாண்டு (பிணை) வைக்க வேண்டும், ஒவ்வொரு காகிதத்திலும் தன் பெயரும் பதிவு எண்ணும் போட வேண்டும். ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ரிமூவல் விற்கிறவர்களின் காகிதத்தில் நான் பார்த்தவரை அந்த எண் இருக்காது. பேருந்து நிறுத்தக் கம்பத்தில் போன் நம்பர் மட்டும் இருக்கும்: 'காலி செய்வதை நிறுத்துகிறோம்'.

அங்கே காசு கொடுப்பவர் யார்? வாடகையே கட்ட முடியாதவர். தன்னார்வ மேசையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். ரிமூவலுக்கு 600 டாலர் கொடுத்திருந்தார். பதினெட்டாவது நாள் ரிமாண்ட் வந்துவிட்டது. "ஃபெடரல் ஜட்ஜ் என் பக்கம்னு சொன்னாங்களே" என்றார். அவர் குளியலறைக் கூரையில் பூஞ்சை பிடித்து, நகர இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுத்த தாள் கைப்பையில் இருந்தது. கலிஃபோர்னியாவில் வாடகை பாக்கி வழக்குக்கு அது உறுதியான எதிர்வாதம். அந்தத் தாளை யாரும் அதுவரை கேட்டே பார்க்கவில்லை.

பிப்ரவரி 18

ஜட்ஜுக்கு வேலை அதிகம், அதனால்தான் திருப்பிவிடுகிறார்கள் என்று கிண்டல் செய்திருக்கிறார் ஒருவர். அப்படித் திருப்ப முடியாது. 1976-இல் தெர்ம்ட்ரான் என்ற வழக்கு. கென்டக்கி ஃபெடரல் ஜட்ஜ் ஒருவர், முறையாக நகர்த்தி வந்த வாகன விபத்து வழக்கை, "என்னிடம் வழக்குகள் குவிந்திருக்கின்றன" என்று சொல்லியே திருப்பிவிட்டார். உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சட்டம் சொன்ன காரணம் இருந்தால்தான் திருப்பலாம். (மறுபடியும் கென்டக்கி. அந்த ஊரில் என்னமோ இருக்கிறது.)

சட்டம் சொன்ன காரணத்துக்காகத் திருப்பினால், மேல்முறையீடு கிடையாது. ஜட்ஜ் தப்பாகவே திருப்பியிருந்தாலும் கிடையாது. 1447(டி) பிரிவு. இதற்கு இரண்டு விலக்கு, அதில் ஒன்று அப்புறம் வேலைக்கு வரும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 21

ரிமாண்ட் வந்துவிட்டது. யாரும் மோஷன் போடவில்லை. இரண்டரைப் பக்கம். மனுவில் ஃபெடரல் கேள்வி இல்லை, தொகை 75,000 தாண்டவில்லை, கட்டண விலக்கு மறுப்பு. 'தாமதம்' பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அது யாரும் எழுப்பாத நடைமுறைக் குறை, எனவே தொடவில்லை.

இனி செய்ய வேண்டியது: ஃபெடரல் கிளார்க், உத்தரவின் சான்றிட்ட நகலை ஸ்டேட் கோர்ட் கிளார்க்குக்கு அனுப்புவார். அது போய்ச் சேர்ந்ததும் ஸ்டேட் கோர்ட் தொடரலாம். டவுன்டவுனில் ஃபெடரல் கோர்ட்டும் ஸ்டான்லி மாஸ்க் கோர்ட்டும் ஃபர்ஸ்ட் தெருவும் ஹில் தெருவும் சேரும் அதே முனையில்தான் இருக்கின்றன. சாலையைக் கடந்தால் போதும். காகிதம் கடக்க எடுக்கும் நேரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களும் ஒரு நகல் எடுத்துப் போய் ஸ்டேட் கோர்ட்டில் தாக்கல் செய்து புதுத் தேதி கேளுங்கள். தானாகத் தேதி வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

மார்ச் 11

புதுத் தேதி இன்று. இன்றும் அதே கதை. இரண்டாவது ரிமூவல்.

இந்த முறை காரணம் சிவில் உரிமை, 1443-ஆவது பிரிவு. நான் சொன்ன விலக்கு இதுதான். அந்தப் பிரிவின் கீழ் நகர்த்திய வழக்கைத் திருப்பினால் மேல்முறையீடு உண்டு. ஃபாரம்காரர் முன்னேறிவிட்டார்.

இந்தப் பிரிவின் வரலாறு மரியாதைக்குரியது. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குத் தெற்கு மாநிலக் கோர்ட்டுகளில் நியாயம் கிடைக்காது என்று 1866-இல் எழுதிய வழி. நூறு வருஷம் கழித்து, 1966 ஜூன் 20 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு கொடுத்தது. அட்லாண்டா உணவகங்களில் உட்கார்ந்து போராடியதற்காக அத்துமீறல் வழக்கைச் சந்தித்தவர்களுக்கு வழி திறந்தது. ஏனென்றால் அவர்கள் உட்கார்ந்த உரிமையை 1964 சிவில் உரிமைச் சட்டமே தந்திருந்தது, அந்த உரிமைக்காக வழக்குப் போடவே கூடாது என்றும் சொல்லியிருந்தது. மிசிசிப்பி கிரீன்வுட்டில் வாக்காளர் பதிவு வேலை செய்து கைதானவர்களுக்கு அதே வழியை மூடியது. அளவுகோல் இது: இன சமத்துவத்துக்கான ஃபெடரல் சட்ட உரிமை ஒன்று வேண்டும், அதை ஸ்டேட் கோர்ட்டில் நிலைநாட்ட முடியாதபடி மாநிலச் சட்டமே தடுக்க வேண்டும். பொதுவாக "இங்கே நியாயம் கிடைக்காது" என்பது போதாது.

வாடகை பாக்கி வழக்கில் இதை ஒட்டவைப்பது எனக்குக் கோபம்தான். அப்படி உயிரைக் கொடுத்து உண்டாக்கிய வழியை 600 டாலர் ஃபாரத்தில் போட்டு விற்கிறார்கள்.

மேல்முறையீடு உண்டு என்றதும் பயப்பட வேண்டாம். மேல்முறையீடு போட்டதாலேயே ரிமாண்ட் நின்றுவிடாது. நிறுத்தக் கேட்டு, கோர்ட் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 12

செலவைத் திரும்ப வாங்க முடியுமா என்று பலர் கேட்டாயிற்று. 1447(சி) அனுமதிக்கிறது. நகர்த்தியதற்குப் புறவயமாகப் பார்த்தால் நியாயமான அடிப்படையே இல்லை என்றால் வக்கீல் செலவு உள்பட வாங்கலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் அளவுகோல் கொடுத்தது. ஆனால் வக்கீல் வைக்காத இவருக்கு வக்கீல் செலவு இல்லை. வாடகையே தராதவரிடம் உத்தரவை வைத்துக்கொண்டு வசூலிப்பதும் கஷ்டம். அதைவிடப் பயனுள்ளது, "இதற்கு மேல் நகர்த்தினால் தண்டத்தொகை" என்ற எச்சரிக்கை வரியை இரண்டாவது உத்தரவில் கேட்டு வாங்குவது. இரண்டாம் தடவை வந்தால் ஜட்ஜுகள் அநேகமாக அவர்களே எழுதுவார்கள்.

மார்ச் 13

இப்போது வீட்டுக்காரருக்குப் பிடிக்காத ஒரு கேள்வி. இதை முதல் நாளே கேட்டிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள்; இரண்டாவது நோட்டீஸில் போகிற போக்கில் ஒரு வரி இருந்ததால்தான் இன்று தோன்றியது. உங்கள் காண்டோ கடன், வீட்டுக் கடன்களை வாங்கி வைக்கும் நிறுவனங்களான ஃபேனி மே அல்லது ஃப்ரெடி மேக் கையில் இருக்கிறதா? இரண்டு நிறுவனமும் தங்கள் இணையதளத்தில் தேடிப்பார்க்க வசதி வைத்திருக்கின்றன. இன்றே பாருங்கள்.

காரணம்: 2020 மார்ச்சில் வந்த கேர்ஸ் என்ற கோவிட் நிவாரணச் சட்டத்தில் வாடகைக்காகக் காலி செய்ய வைப்பதற்கு 120 நாள் தடை இருந்தது. அது அந்த ஜூலையிலேயே முடிந்தது. ஆனால் அதே பிரிவில் இன்னொரு வாக்கியம்: ஃபெடரல் ஆதரவுள்ள கடன் இருக்கும் வீடுகளில் காலி செய்யச் சொல்ல 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதற்கு முடிவுத் தேதி எழுதவில்லை. கொலராடோ உச்ச நீதிமன்றம் 2023-இல் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்றது. கலிஃபோர்னியாவில் உங்கள் ஜட்ஜ் என்ன சொல்வார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கொடுத்தது மூன்று நாள் நோட்டீஸ். காலி வழக்கில் நோட்டீஸ் தப்பானால் வழக்கே விழும். மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 14

ஃபேனி மே.

"அப்படியானால் ரிமூவல் சரிதானே, ஃபெடரல் சட்டம்தானே" என்று உடனே ஒரு பதில் வந்திருக்கிறது. இல்லை. ரயில் பாஸ் கதைக்குத் திரும்பப் போங்கள். கேர்ஸ் சட்டம் இங்கே எதிர்த்தரப்பின் பதில். வழக்கை நகர்த்தும் வலு அதற்கு இல்லை. ஸ்டேட் ஜட்ஜ் முன்னால் சொன்னால் வழக்கையே கவிழ்க்கும் வலு இருக்கலாம். ரிமூவல் ஃபாரம் வாங்காமல் தன் பதில் மனுவைத் திருத்தி அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால், குடியிருப்பவர் பிப்ரவரி 10 அன்றே ஜெயித்திருக்கக்கூடும்.

வீட்டுக்காரர் தனியாகக் கேட்டார்: "அவருக்கு இது தெரியாதே, நான் ஏன் சொல்ல வேண்டும்?" நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது நோட்டீஸில் கேர்ஸ் என்ற பெயர் வந்துவிட்டது. விசாரணை நாளில் கோர்ட் தாழ்வாரத்தில் இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் அவரோடு ஐந்து நிமிஷம் பேசினால் போதும், தெரிந்துவிடும். தோற்கக்கூடிய விசாரணைக்கு இவ்வளவு அவசரப்பட வேண்டுமா என்று மட்டும் யோசியுங்கள்.

மார்ச் 20

இரண்டாவது ரிமாண்டும் வந்தது. எச்சரிக்கை வரியும் இருக்கிறது. மேல்முறையீடு எதுவும் போடவில்லை.

மார்ச் 22

சமாதானமாகப் போவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று கேட்கிறார். பணத்தைவிடப் பெரிய பண்டம் ஒன்று அவர் கையில் இருக்கிறது: பதிவு.

கலிஃபோர்னியாவில் காலி வழக்கின் கோப்பு ஆரம்பத்தில் பொதுமக்களுக்கு மூடியிருக்கும். வழக்குப் போட்ட 60 நாளுக்குள் வீட்டுக்காரர் ஜெயித்தால் திறக்கும். அதற்குள் ஜெயிக்காவிட்டால் மூடியே இருக்கும். பிற்பாடு விசாரணை நடந்து வீட்டுக்காரர் ஜெயித்தால் கோர்ட் உத்தரவில் திறக்கலாம். டிசம்பர் 16 வழக்கு, பிப்ரவரி 14-இல் 60 நாள் முடிந்தது. முதல் ரிமூவல் பிப்ரவரி 10. அந்த ஓட்டை ஃபாரம் தற்செயலாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டது. இப்போது தீர்ப்பு இல்லாமல் ஒப்பந்தத்தில் முடித்தால், அடுத்த வீடு தேடும்போது ஸ்டேட் கோர்ட் கோப்பு அவர் பெயரைக் காட்டாது.

ஆனால் ஃபெடரல் கோப்புக்கு இந்த மூடி கிடையாது. ஃபெடரல் கோர்ட் ஆவணங்கள் இருக்கும் பேசர் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர், முகவரி, இணைத்த மனு, வாடகை பாக்கி எல்லாம் அங்கே இரண்டு முறை ஏறியிருக்கிறது. இதை அவருக்கு அந்த 600 டாலர்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

ஏப்ரல் 9

கையெழுத்தாகிவிட்டது. மே 31 காலி செய்வது. பழைய பாக்கியில் பாதியை வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கிறார், முன்பணத்தைக் கணக்கில் கழித்துக்கொள்கிறார். தேதி தவறினால் தீர்ப்பு, தவறாவிட்டால் வழக்கு தள்ளுபடி. இன்னொரு ரிமூவல் போடுவதில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கோர்ட் சமரசக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தாராம், ஆனால் சேர்த்துவிட்டார்.

ஏப்ரல் 10

"பாதியை விட்டது தோல்விதானே" என்பவருக்கு: நோட்டீஸ் விழுந்திருந்தால் புதிதாக 30 நாள் நோட்டீஸ், புது வழக்கு, புது சம்மன். இந்த வருஷம் ஜனவரி முதல் பதில் சொல்லும் அவகாசம் ஐந்து கோர்ட் நாளிலிருந்து பத்தாக ஏறியிருக்கிறது. நீங்களே கூட்டிப் பாருங்கள்.

ஏப்ரல் 16

அட்லாண்டாவிலிருந்து ஒருவர்: இதே மாதிரி ரிமூவல், நார்தர்ன் டிஸ்ட்ரிக்ட் ஆஃப் ஜார்ஜியா. ரிமூவல், ரிமாண்ட் விதிகள் நாடு முழுக்க ஒன்றுதான், மேலே படித்தது பெரும்பாலும் பொருந்தும். உள்ளூர்க்காரர் விதியை நடைமுறைக் குறையாகப் பார்ப்பார்களா என்பதை மட்டும் உங்கள் சர்க்யூட்டில் சரிபாருங்கள். மாநிலக் கடிகாரம் வேறு. உங்களிடம் சம்மன் கிடைத்து ஏழு நாளில் பதில். 2024 ஜூலையிலிருந்து வழக்குக்கு முன் மூன்று வேலை நாள் எழுத்து நோட்டீஸும் வேண்டும். அந்த நோட்டீஸின் தேதி, கடன் யார் கையில், ஃபெடரல் வழக்கில் கட்டணம் கட்டினாரா விலக்கு கேட்டாரா, இந்த மூன்றையும் எழுதுங்கள், பார்ப்போம்.